ரிவர்ஸ் கியர்

தையல்காரம்மா ரிவர்ஸ் கியர் போட்டால் காரோடு சேர்ந்து நேரமும் பின்னால் போனது. ஒரு கார் நீளம் பின்னால் வந்தால் ஏறக்குறைய ஒரு டீ குடிக்கும் நேரம் திரும்பக் கிடைக்கும். காருக்குள் இருப்பவர்களின் உடம்பும் அந்த அளவுக்குப் பின்னால் போகும், ஞாபகம் மட்டும் போகாது. வெளியே இருப்பவர்களுக்கு அந்த ஞாபகமும் இருக்காது. கற்றுக்கொடுத்த டிரைவிங் ஸ்கூல்காரர் இதை முதல் வாரமே கவனித்துவிட்டு, கிளட்சை மெதுவாக விட்டால் சரியாகிவிடும் என்றார்.

தையல்காரம்மாவுக்கு ஓட்டுநர் உரிமம் அவசரமாகத் தேவைப்பட்டது. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டு, வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். ஒருநாள் வாடகைக் கார் வராமல் போக, மனிதர் முகம் வீங்கி, மூச்சு வாங்கி, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றே தையல்காரம்மா கத்தரிக்கோலை வைத்துவிட்டு, கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்த பழைய காரைத் துடைத்தார். ஐம்பது வயதுக்கு மேல் இந்த விஷப்பரீட்சை எதற்கு என்று நாத்தனார் கேட்டார். தையல்காரம்மாவின் வாயில் அப்போது குண்டூசி இருந்தது.

தேர்வு அதிகாரி, புதிய ஓட்டுநர்களின் வண்டியில் ஏறுவதில்லை. முன்பு ஒருவர் அவரோடு சேர்த்து வண்டியைச் சுவரில் மோதி நிறுத்தியிருந்தார். கூரை நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி, கையில் டீ டம்ளர், அங்கிருந்தே எல்லாம். தையல்காரம்மா மைதானத்தைப் பிசகில்லாமல் சுற்றி வந்து, கடைசியில் கம்பங்களுக்கு நடுவே ரிவர்ஸில் நிறுத்துவார். நிறுத்தியதும் அதிகாரியின் காலி டம்ளர் நிறைந்திருக்கும். பெயரைக் கூப்பிடும் முன்பே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது யார் என்று அவர் சத்தம் போடுவார். மறுபடி முதலிலிருந்து. மற்றவர்களுக்கு அது ஒரே ஒரு காலை. அவருக்கு மட்டும் முடியவே முடியாத காலை. வேறு யாராக இருந்தாலும் சாவியைத் தூக்கி எறிந்திருப்பார்கள். இவர் ஒவ்வொரு முறையும் கண்ணாடியைச் சரிபார்த்து, பெல்ட் போட்டு, புதிதாக வந்தவர் மாதிரி கிளம்பினார். அந்தப் பொறுமையை நினைத்தால் இன்றும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

கடைசியில் இறங்கி அதிகாரியிடம் நடந்து போனார்.

"சார், இப்போ உங்க வீட்லேர்ந்து போன் வரும். தண்ணி மோட்டார் ஓடலன்னு சொல்லுவாங்க. வந்துச்சுன்னா, ஒரு தடவை என்கூட வண்டியில உக்காருங்க."

போன் வந்தது. மோட்டார் ஓடவில்லை. அதிகாரி டீயை ஒரே மூச்சில் குடித்து, டம்ளரை நாற்காலியில் வைத்துவிட்டு ஏறிக்கொண்டார். கம்பங்களுக்கு நடுவே வண்டி நின்றபோது, காலி நாற்காலியில் டம்ளர் நிறைந்து, ஆவி பறந்துகொண்டிருந்தது. போன் மறுபடி அடித்தது. "மோட்டார்தானே, தெரியும்" என்று சொல்லி வைத்தார். பிறகு கம்பங்களைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றில்கூட வண்டி உரசவில்லை. நேரம் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று விதிமுறையில் இல்லை.

"பாஸ். ஆனா ரிவர்ஸ தேவைக்கு மட்டும் போடுங்கம்மா."

தையல்காரம்மா அப்படித்தான் போட்டார். அடுத்த மழைக்காலத்தில், மருத்துவமனைக்குப் போகும் வழியில், மேம்பாலத்துக்கடியில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. கணவரின் தலை தோளில் சாய்ந்தது. மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தார், மூச்சு இல்லை. தையல்காரம்மா அழவில்லை. கண்ணாடியைச் சரிபார்த்தார், ரிவர்ஸ் போட்டார், பின்னால் நின்ற வண்டிகளும் நேரத்தோடு பின்வாங்க, கடைத்தெரு முனைவரை பின்னாலேயே வந்தார். கணவர் கண் விழித்தார்.

"ஏன், நேரா போகலியா?"

"அந்தப் பக்கம் நெரிசல். சுத்திப் போயிடலாம்."

சுற்றிப் போய், நேரத்துக்குச் சேர்த்துவிட்டார். அதற்குப் பிறகும் சில முறை அப்படிப் பின்னால் வர நேர்ந்தது. கடைத்தெருப் போக்குவரத்துக் காவலர் இப்போதெல்லாம் காரணம் கேட்பதில்லை. அந்தக் காரின் பின்விளக்கு வெள்ளையாக எரிந்தால், கையை உயர்த்தி மற்ற வண்டிகளை நிறுத்திவிடுகிறார். கணவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பிரேக்கைக் கொஞ்சம் முன்னாடியே மிதிக்கலாம் என்று குறை சொல்லிக்கொண்டே போகிறார்.