கஞ்சி போட்ட இலைகள்

மணி பிளான்ட்டைக் கொல்வது லேசான காரியமில்லை. தண்ணீர் ஊற்ற மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது, வெயில் படாத மூலையில் வைத்தாலும் முகம் சுளிக்காது. அப்பேர்ப்பட்ட செடியைத்தான் பிள்ளையார்பாளையத்து நெசவாளி தினேஷ் சாகக் கிடக்கும் நிலைக்குக் கொண்டுவந்திருந்தான். அதுவும் பார்த்துப் பார்த்துக் கவனித்தே.

செடி அவன் மனைவி தேவிப்ரியாவுடையது. கூடத்தில் தறிக்கு எதிர்ப்பக்கம், ஜன்னலோரம் ஒரு பெயிண்ட் டப்பாவில் வளர்த்துவந்தாள். கோபித்துக்கொண்டு மாகறலில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பிய அன்று, வாசலில் நின்று செடியைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "மண்ணுல விரல வெச்சுப் பாருங்க. காஞ்சிருந்தா மட்டும் தண்ணி ஊத்துங்க. அது போதும் அதுக்கு."

கோபத்தில் நியாயம் இருந்தது. செங்கல்பட்டில் ஒரு பள்ளியில் அவளுக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. "அப்பாகிட்ட பேசிட்டேன், எல்லாம் சரியா இருக்குது" என்று தினேஷ் சொல்லியிருந்தான். பேசவே இல்லை. அப்பா திருஞானசம்பந்தம் எதிரில் நின்றாலே இவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அவரோ ஒன்றும் அறியாமல் மருமகளைக் கூப்பிட்டு, "அடுத்த பொடவைக்குத் தறியில கரைப் பக்கம் நூல் ஓடம் தள்ள நீ கூட உக்காரும்மா" என்று சொல்ல, குட்டு உடைந்துவிட்டது.

"நீங்க 'சரியா இருக்குது'ன்னு சொன்னாலே எனக்கு இனிமே நம்பிக்கை வராது" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். வேறு சண்டை போடவில்லை. அதுதான் தினேஷை அதிகம் பயமுறுத்தியது.

தினமும் சாயங்காலம் போன் செய்வாள். "சாப்பிட்டீங்களா?" கிடையாது. "செடி எப்பிடி இருக்குது?" அவ்வளவுதான். செடி நன்றாக இருந்தால் அவள் திரும்பி வந்துவிடுவாள் என்று இவனாகவே ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டான். பயந்தவன் கை சும்மா இருக்குமா? காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு, நடுவில் மனசு கேட்காமல் இன்னொன்று. மண்ணில் விரலை வைத்தால் சேறு ஒட்டியது. இலைகள் மஞ்சள் பூத்துத் தொங்கின. தாகம்தான் போல என்று இன்னும் ஊற்றினான்.

"செடி சூப்பரா இருக்குது" என்றான் போனில்.

"அப்பிடியா? நாளைக்கு வீடியோல காட்டுங்க."

மறுநாள் காலை தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டி அரிசிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். தொய்ந்து கிடக்கும் இழை கஞ்சி பட்டுக் காய்ந்ததும் விறைத்துக்கொள்வதைப் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவன் தினேஷ். மீந்த கஞ்சியைக் கண்டதும் அவன் புத்தி போன போக்கைப் பாருங்கள். வேரில் ஒரு டம்ளர் ஊற்றினான். இலை இலையாகப் பிரஷால் தடவி, நூல் கட்டித் தூக்கி நிறுத்தி, ஃபேனுக்கு அடியில் காயவைத்தான். காய்ந்த பிறகு நூலை அவிழ்த்தால், இலைகள் சலவைச் சட்டைபோல விறைப்பாக நின்றன.

சாயங்காலம் வீடியோவில் காட்டினான். அவள் நெடுநேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குது" என்றாள், சிரிக்காமல்.

அப்புறம் அது அன்றாட வேலையாகிவிட்டது. தினமும் ஒரு பூச்சு, தினமும் ஒரு வீடியோ. வேரில் ஊற்றிய கஞ்சி புளித்து நாறியது. எறும்புகள் வந்தன. ஒரு தண்டைத் தொட்டதும் கொழகொழவென்று கையோடு வந்தது. தினேஷுக்குச் சோறு இறங்கவில்லை. செவிலிமேட்டு நர்சரிக்குப் போய் அதே உயரத்தில் ஒரு செடியைக் கையில் எடுத்தான். இதையும் காட்டி, அவளும் நம்பி வந்து, பிறகு கண்டுபிடித்தால்? அந்தத் தடவை போனாளானால் போனதுதான். செடியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போன் வந்தது. "நாளைக்கு ஸ்கூல்ல சேரணும். இங்கேர்ந்தே போறதா, அங்க வர்றதான்னு இன்னைக்கு முடிவு பண்ணணும். செடியக் காட்டுங்க."

தினேஷ் போனைச் செடிக்கு நேராகப் பிடித்தான். இன்று பூச்சு இல்லை.

"செத்துக்கினு இருக்குது தேவி. நான்தான் தண்ணிய ஊத்தி ஊத்தி அழுகடிச்சிட்டேன். இலைக்குக் கஞ்சி போட்டு உன்ன ஏமாத்தினேன்."

"தெரியும். இலை மேல எறும்பு வரிசையா போய்க்கினு இருந்துது. எப்ப வாயத் தொறப்பீங்கன்னுதான் பாத்துக்கினு இருந்தேன். மாமாகிட்ட பேசிட்டீங்களா?"

'பேசிட்டேன்' என்ற வார்த்தை பழக்கத்தில் நுனிநாக்குவரை வந்துவிட்டது. விழுங்கினான். "இல்ல. பயமா இருக்குது."

"கட் பண்ணாதீங்க. இப்பவே போய்ப் பேசுங்க. நான் கேட்டுக்கினே இருக்கேன்."

அப்பா தறியில் இருந்தார். தினேஷ் போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவர் எதிரில் போய் நின்றான்.

"அப்பா, தேவிக்குச் செங்கல்பட்டுல டீச்சர் வேலை கெடச்சிருக்குது. நாளைக்குச் சேரணும். உங்ககிட்ட பேசிட்டேன்னு அவகிட்ட பொய் சொல்லிட்டேன்பா. அதான் போயிட்டா."

தறிச் சத்தம் நின்றது. அப்பா மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுக்கா அந்தப் பொண்ணு போயிருக்குது? புருசன் பொண்டாட்டி சண்டை, நாம எதுக்குக் கேக்கணும்னு நானும் வாய மூடிக்கினு இருந்தேனேடா!" ஓடத்தை மடியில் வைத்தார். "போவட்டும்பா வேலைக்கு. கரைக்கு வேற ஆளா கெடைக்காது? என்ன பாத்தா உனக்கு அவ்ளோ பயமா இருக்குதா?"

கடைசிக் கேள்வியை அவர் கோபமாகக் கேட்கவில்லை. தினேஷ் போனைக் காதில் வைத்தான். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"செடி போனா போவுது, வுடுங்க" என்றாள் தேவிப்ரியா. "நான் வரேன்."