போய் வந்ததும் போகாததும்

வண்டி ஓட்டுநர் வாசலில் இரண்டாம் முறை செருமினார். பெரியவள் இன்னும் கண்ணாடி அலமாரிக்குள் தலையை விட்டபடி நின்றாள். இரண்டு உறைகளும் இருந்தன. ஒன்றில் 'போய் வந்தது', மற்றதில் 'போகாதது' என்று அப்பாவின் கையெழுத்து. உள்ளே ஒன்றுமில்லை.

மனிதர்கள் முதன்முதலாக விண்வெளிக்குப் போய் வந்த காலத்துச் சாமான்களைத்தான் அப்பா வாழ்நாளெல்லாம் சேர்த்தார். அவருக்கு உலகமே இந்த இரண்டு வகைதான். யாராவது நல்ல பேனா வாங்கிவந்தால்கூட, "இது மேல போயிட்டு வந்ததா?" என்று கேட்டு மானத்தை வாங்குவார். உறைகளில் இருந்தவை ராக்கெட் சின்னம் அச்சடித்த, உள்ளங்கை அகலத் துணிகள். ஒன்று விண்கலத்தில் பூமியைச் சுற்றி வந்தது. மற்றது மாற்றுக்காகத் தைத்தது, தரையிலேயே தங்கிவிட்டது. நேற்று மாலை அவளிடம் அவர் கடைசியாகச் சொன்னதும் அதைப் பற்றித்தான்.

"போகாதத என் சட்டைப் பையில வெச்சிரு. அதுவும் ஒரு தடவ போகட்டும்."

விடியற்காலையில் போய்விட்டார்.

"அம்மா, அந்த ராக்கெட் துணி ரெண்டும் எங்க?"

"தொவச்சுப் போட்டிருக்கேன். நாலு பேரு வர்ற வீடு. கை சும்மா இருந்தா பைத்தியம் புடிக்கிற மாதிரி இருந்துச்சு. ஒண்ணுல பழுப்புக் கறை, கருகின நாத்தம் வேற. சோப்புப் போட்டுக் கசக்கினதும் போயிருச்சு."

பெரியவள் கொல்லைக்கு ஓடினாள். அந்தக் கறையும் நாற்றமும்தான் போய் வந்ததற்கு அடையாளம். பின்பக்கக் கொடியில் இரண்டும் ஈரம் சொட்டத் தொங்கின, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. தம்பி இரண்டையும் முகர்ந்து பார்த்தான். இரண்டிலும் சோப்பு வாசனை.

"உனக்கு யாரும்மா இந்த வேலைய..." என்று ஆரம்பித்தவனின் காலைப் பெரியவள் ஓங்கி மிதித்தாள்.

பின்னாலேயே வந்திருந்த அம்மா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள்.

"என்னடி? செய்யக் கூடாதது செஞ்சிட்டேனா?"

இன்றைக்கு மட்டும் இதற்கு ஆமாம் என்று சொல்லிவிட்டால் அம்மா சாகிறவரை மறக்க மாட்டாள். பெரியவளின் கை இடப்பக்கத் துணிக்குப் போய் நின்றது. பிறகு வலப்பக்கத்தை உருவியது.

"இல்லம்மா. இதுதான் போகாதது."

"பார்த்தாலே தெரியுதா?"

"அப்பா சொல்லிக் குடுத்திருக்காரு." தம்பி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஓட்டுநர் மூன்றாம் முறை செருமி, "எடுக்கலாமா?" என்றார். பெரியவள் துணியை நான்காக மடித்து அப்பாவின் சட்டைப் பைக்குள் வைத்தாள்.

"ஈரமா இருக்கேடி," என்றாள் அம்மா. "நெஞ்சுல சளி கட்டிக்கும் அவருக்கு."

அம்மா குனிந்து பையின் பொத்தானைப் போட்டாள். வேலைக்குப் போகிறவரை அனுப்புகிற பழக்கத்தில் அதைத் தட்டிக்கொடுத்து, "போயிட்டு வாங்க," என்றாள்.

தூக்கினார்கள். வெள்ளைச் சட்டையில், பையைச் சுற்றி ஈரம் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.