கடல் பக்கத்துக் காது

...ஊசியை எங்கதான் வச்சுத் தொலைச்சானோ இந்த மனுஷன், கத்தரிக்கோல் இருக்கு, நூல்கண்டு இருக்கு, அடுப்பு முனையில் அடைக்கிற அழுக்கைக் குத்தி எடுக்க நாலு தினுசில் கம்பி இருக்கு, பெண்டாட்டி குதிகாலில் கொப்புளம் வந்தால் குத்துவதற்கு ஒரே ஒரு ஊசி மட்டும் இல்லை, இதுக்குத்தான் இவ்வளவு பெரிய பையா, வீட்டையே பெயர்த்து முதுகில் கட்டிக்கொண்டு வந்த மாதிரி... ஆறு கடலில் விழுகிற இடத்து மணலில் கால்களை நீட்டி உட்கார்ந்து, புருஷனின் பையை மடியில் போட்டுக்கொண்டு, அவள் ஒவ்வொரு ஜிப்பாகத் திறந்துகொண்டிருந்தாள். கரையோரமாகவே நடக்கத் தொடங்கி இன்றோடு பன்னிரண்டு நாள், இன்னும் நாலு நாள் பாக்கி. காலை வெயில் இன்னும் உறைக்கவில்லை. தலைக்கு மேலே தென்னை ஓலை சரசரக்கிறது, காலடியில் சின்னச் சின்ன நண்டுகள் ஏதோ அவசர வேலை இருப்பது மாதிரி குழிக்குள் போய்ப் போய் வருகின்றன. அவன் அதோ, கூப்பிடு தூரத்தில். அக்கரைக்கு எப்போது படகு விடுவீர்கள் என்று கேட்கப் போனவன், படகுக்காரரோடு சேர்ந்து எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறான், ஜெனரேட்டர் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான், எஞ்சினைக் கண்டால் போதும், கூட ஒருத்தி வந்தாள் என்பதே மறந்துபோகும். பையின் மேல்மூடிக்குள் ஒரு சின்ன ஜிப் இருந்தது, இத்தனை நாள் கண்ணில் படாதது. அதற்குள் கைவிட்டாள். ஊசி இல்லை. தீப்பெட்டியைவிடச் சின்னதாக, மழமழவென்று ஒரு வெள்ளைப் பெட்டி... அட, இதை மேஜை டிராயரில் அல்லவா போட்டுவிட்டு வந்தான்?

காது மிஷின் பெட்டி. இடது காது போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, பதினைந்து வருஷமாக அந்தக் காதைத்தான் எஞ்சினுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அது என்ன சொல்கிறது என்று கேட்டான், கேட்டுக் கேட்டு அது அடைத்தே போய்விட்டது. டாக்டர் சொல்லி, அவள் கெஞ்சி, ஒரு வழியாக வாங்கின மிஷின் இது, காதுத் துளைக்குள் போய் ஒளிந்துகொள்கிற மாதிரி மொச்சைக்கொட்டை அளவுதான். ஒருநாள் மாட்டினான். "நமக்கு இதெல்லாம் சரிப்படாது, என்னைக் கிழவனாக்கப் பாக்கிறியா?" என்று டிராயருக்குள் போட்டு மூடினான். கிளம்புகிற அன்றைக்குக்கூட அவள் வாய்விட்டுக் கேட்டாளே, மிஷினை எடுத்துக்கிட்டீங்களா என்று, அவன் பதில் சொல்லாமல் துணித் தொப்பியைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தானே... அவள் பெட்டியைத் திறந்தாள். காலி. பஞ்சு மாதிரி மெத்தென்ற அந்தக் குழியில் ஒன்றுமே இல்லை. பக்கத்திலேயே பேட்டரி அட்டை, ஆறு குழியும் காலி. பெட்டி மூடியின் உள்பக்கம், பேட்டரியிலிருந்து உரிக்கிற மஞ்சள் ஸ்டிக்கர் ஐந்து, வரிசையாக ஒட்டியிருந்தது, ஒவ்வொன்றின் பக்கத்திலும் பேனாவால் தேதி, வொர்க்ஷாப்பில் ஆயில் மாற்றினால் எழுதி வைப்பானே, அதே கோழிக் கிறுக்கல். முதல் தேதி, அவர்கள் நடக்க ஆரம்பித்த நாள்.

அய்யய்யோ. முதல் நாளிலிருந்தா? அப்படியென்றால்... இல்லை, இரு, பதறாதே, நிதானமாக யோசி, என்னென்ன சொன்னேன்? கடல் முழுக்க முழுக்க இடது கைப்பக்கம், அவள் நடந்ததும் அந்தப் பக்கம்தான், அலைச்சத்தத்தில் அந்தப் பக்கத்திலிருந்து மெல்லப் பேசினால் அவனுக்கு ஒரு எழுத்து எட்டாது என்பது வீட்டுப் பால்கனியிலேயே தெருச்சத்தத்தில் சோதித்துப் பார்த்த விஷயம். முதல் நாள் சும்மாதான் ஆரம்பித்தது. வழியில் ஒரு கடையில் "நமக்கு இப்ப டீ வேண்டாங்க" என்று கடைக்காரரிடம் அவன் சொல்லிவிட்டு நடக்க, பின்னாலேயே போன அவள், தொண்டையில் தாகம் அடைக்க, அந்தச் செவிட்டுக் காதுப் பக்கமாக முணுமுணுத்தாள்: "நமக்குன்னா யாருக்கு? எனக்கா, உனக்கா?" உனக்கா! கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவனை அவள் நீ என்று சொன்னதே கிடையாது, நீங்க, வாங்க, சாப்பிடுங்க, சொன்னா கேளுங்க, அதுதான் வாய்க்குப் பழக்கம். அன்றைக்கு அந்த 'நீ' வாயிலிருந்து விழுந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஈர மணலில் கால் வைத்த மாதிரி இருந்தது. அப்புறம் விடுவாளா? நீ குறட்டை விடுற, நீ எனக்குச் சேர்த்துப் பசிக்கலைன்னு சொல்ற, உன் அக்கா என் சமையலைப் பத்தி என்ன சொன்னாலும் கூரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க, நீ ஒரு கல்லுளிமங்கன்... ஒருநாள் 'டா' கூடப் போட்டாள், போடா என்று, போட்டுவிட்டுத் தனக்குள்ளேயே சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது, அவன் திரும்பிப் பார்த்து "தண்ணி வேணுமா?" என்றான். பாவி. எல்லாத்தையும் கேட்டுக்கொண்டுதான் தண்ணி வேணுமா என்றானா?

அதனால்தானா... நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் "எனக்கு சோறு, உனக்கு?" என்றானே, அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை, கடற்காற்று மனுஷனை எப்படி மாற்றிவிட்டது என்று மெச்சிக்கொண்டாள், கடற்காற்றாம் கடற்காற்று! கடற்காற்று மாற்றுவதாக இருந்தால் இந்தப் படகுக்காரர் எப்பேர்ப்பட்ட மகானாக இருக்க வேண்டும், அவரோ அங்கே எஞ்சினை உதைத்துத் திட்டிக்கொண்டிருக்கிறார். யார் யாருக்குக் காது குத்தினது? செவிட்டுக் காதில் ஓதுகிறோம் என்று இவள் நினைக்க, செவிடன் மாதிரி நடித்துக்கொண்டு அவன் ஒட்டுக் கேட்க... கோபம் குபுகுபுவென்று வந்தது, காதுவரைக்கும் சூடு, வரட்டும், வந்து உட்காரட்டும், இந்தப் பெட்டியை முகத்துக்கு நேராக நீட்டிக் கேட்கிறேன். என்னவென்று கேட்பாய்? நான் உங்களுக்குக் கேக்காதுன்னு நெனச்சுத் திட்டினேன், அது எப்படி நீங்க கேக்கலாம் என்றா? நல்ல நியாயம். அதுவும் இந்த மிஷின் காற்றையும் அலையையும் சேர்த்துத்தானே பெரிதாக்கும்? முதல் மூன்று நாள் மண்டையிடி மண்டையிடி என்று ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு நடந்தான், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவள் நினைத்தாள். அவ்வளவு இரைச்சலையும் தலைக்குள் விட்டுக்கொண்டு, நடுவில் இவள் முணுமுணுப்பைப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்திருக்கிறான். மண்டை இடித்தும் கழற்றவில்லை.

அப்போதுதான் எட்டாம் நாள் ஞாபகம் வந்தது, அவள் கை அப்படியே நின்றுவிட்டது. அதையும் கேட்டிருப்பானா? பல் செட் செய்கிற லேபில் அவளுக்கு வேலை, மெழுகில் பல் அடுக்கி, ஈறு வார்த்து, யார் யாரோ முகம் தெரியாதவர்கள் கடிப்பதற்கும் சிரிப்பதற்கும் ஒன்பது வருஷமாகப் பல் செய்து கொடுக்கிறாள். முதலாளியம்மா வேறொரு ஊரில் புது லேப் திறக்கிறார், நீதான் அதைப் பார்த்துக்கணும், மூணு வருஷம், லீவு முடிந்து வந்ததும் பதில் சொல்லு என்றார். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன வரும் என்று தெரியாதா? நமக்கு அதெல்லாம் சரிப்படாது. அவ்வளவுதான், பேச்சு முடிந்தது, நமக்கு! எட்டாம் நாள், பாறைகளைத் தாண்டி ஒரு நீளமான வெறும் கரை, கண்ணுக்கெட்டின வரைக்கும் ஒரு ஆள் இல்லை, அவள் அந்தக் காதுப் பக்கமாக நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள், லேபை, முதலாளியம்மாவை, மூன்று வருஷத்தை, கடைசியில், "நான் போகத்தான் போறேன், தனியாப் போறேன், நீ இங்கேயே இரு" என்று. அவன் நடை கொஞ்சம் தளர்ந்தது, பை கனம் போலிருக்கிறது என்று நினைத்தாள். அன்றைக்குச் சாயங்காலம்தான் அடுப்பை அவள் கையில் கொடுத்து, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கிட்டுப் பத்த வைக்கணும், முனை அடைச்சா இப்படிக் குத்தணும் என்று சொல்லிக்கொடுத்தான். மறுநாள் கூடாரத்துக் கயிறு, இழுத்தால் இறுகி, தட்டினால் அவிழ்கிற முடிச்சு. அதற்கு மறுநாள் வரைபடத்தையே நீட்டி, "இனிமே வழி நீ பாரு, நான் பின்னால வரேன்" என்றான். சோம்பேறித்தனம் என்று நினைத்தாளே, அடப்பாவி மனுஷா, அவள் தனியாகப் போவாள் என்று... போகாதே என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை, அதற்குப் பதில் முடிச்சுப் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். கொப்புளம் மறந்தே போயிற்று.

"கிளம்பலாமா? எஞ்சின்ல ஒண்ணுமில்ல, குழாய்தான் அடைச்சிருந்துச்சு" என்று கையைத் துடைத்துக்கொண்டே வந்தான், முகமெல்லாம் சிரிப்பு, பெட்டி எப்படியோ அதற்குள் ஜிப்புக்குள் போய்விட்டிருந்தது. "என்ன தேடுற?" "ஊசி." சட்டைக் காலரின் உள்பக்கத்திலிருந்து ஒரு ஊசியை உருவிக் கொடுத்தான், பிடிச்சுக்கோ, தீயில காட்டிட்டுக் குத்து என்று. படகில் பைகளை நடுவில் போட்டுவிட்டு இருவரும் ஒரே பலகையில் உட்கார்ந்தார்கள், அவள் வழக்கம்போல இடது பக்கம். படகுக்காரருக்கு முன்பல் இரண்டு கட்டின பல், நல்ல வேலைதான், நிறம் மட்டும் ஒரு மாற்று கூடிவிட்டது... எங்கே போகுது பார் புத்தி, இப்போது பல்லா முக்கியம்? கேட்டுப் பார்த்துவிடேன். எஞ்சின் படபடக்கிறது, ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கிற இடத்தில் படகு லேசாகக் குலுங்குகிறது, அவள் குனிந்து கொப்புளத்தைப் பார்ப்பது போல அவன் தோள்பட்டைக்குக் கீழே முகத்தை வைத்துக்கொண்டு, மெல்ல, மிக மெல்லச் சொன்னாள்: "நீயும் வாயேன்." அவன் திரும்பவில்லை. கண் இமைகூட அசையவில்லை, அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்கவில்லையா, கேட்டும் கேட்காத மாதிரி பழக்கப்பட்டுவிட்டானா? இல்லை, இரு... ஆறு குழி, ஐந்து ஸ்டிக்கர், ஆறாவது பேட்டரி ஏற்கனவே மிஷினில் இருந்ததோ என்னவோ, ஐந்தாவது தேதி என்ன, மூணு நாளைக்கு முன்னால், இந்த உப்புக் காற்றில் அது இரண்டு நாள்தான் வருகிறது போல. தீர்ந்துபோயிருக்கும். திட்டினது எல்லாம் கேட்டது, தனியாகப் போகிறேன் என்றது கேட்டது, இது ஒன்று, இந்த ஒன்று மட்டும் கேட்கவில்லை. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

கரை தட்டியது. இறங்கி, பையைத் தோளில் மாட்டி, வாரை இழுத்துக் கட்டி... மணல் இங்கே கொஞ்சம் கறுப்பு, கடல் அதே இடது பக்கம்தான், அவன் வழக்கம்போல அவளுக்கு அந்தப் பக்கம் இடம் விட்டு நின்றான், வா என்பதுபோல. அந்தப் பக்கம் போனால் இன்னும் நாலு நாளைக்கு என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், ஒருத்தருக்கும் எட்டாது, வீடு போய்ச் சேரலாம், அவன் அவளை ரயிலேற்றிவிட்டுக் கையாட்டலாம். முடிச்சுப் போடத்தான் தெரிந்துவிட்டதே. அவள் அவனைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தாள்.

"என்ன, பக்கம் மாறிட்ட?"

"சும்மாதான்." பத்து அடி நடந்தார்கள். இருபது அடி. சொல்லு, வாயைத் திற, எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பக்கம், இந்தப் பக்கம் நாக்கு ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது? "அந்தப் புது லேப் விஷயம்..." என்று ஆரம்பித்தாள், அவன் எந்த லேப் என்று கேட்கவில்லை, கேட்கவில்லை என்பதை இரண்டு பேருமே கவனித்தார்கள், அவன் காதோரம் சிவந்தது. அவள் விடவில்லை. "அந்த ஊர்லயும் ஜெனரேட்டர் ரிப்பேர் ஆகாமலா இருக்கும். யோசிச்சுப் பாத்தா... நமக்கு சரிப்படும்னுதான் தோணுது."

அவன் நின்றான். தொப்பியைக் கழற்றினான், இடது காதுக்குள் சுண்டு விரலை விட்டு மொச்சைக்கொட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்து, பேட்டரி செத்துப்போச்சு என்று காட்டுவது மாதிரி ஒருதரம் ஆட்டினான். பிறகு திருடன் மாதிரி சிரித்துக்கொண்டு கேட்டான்: "நமக்குன்னா யாருக்கு?"

பதினோரு வருஷமாக அவனைக் கேட்கக் காத்திருந்த கேள்வி அது, என்றைக்காவது ஒருநாள் அதற்குத் தானே பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. "இரு," என்றாள், அந்தக் கேட்கிற காதில், "யோசிச்சுச் சொல்றேன்."