முதல் கியரில் பின்னோக்கி

அந்த மோட்டார் சைக்கிள் பட்டறையில் இரண்டு மேடைகள். தெருவைப் பார்த்த முன்மேடை கொழுந்தனுக்கு, சுவரைப் பார்த்த பின்மேடை அண்ணிக்கு. அவன் நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் கட்சி, அவள் ரெண்டு ஸ்ட்ரோக் கட்சி. வாயைத் திறந்தால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதைத் தவிர வேறு பேச்சே அவனுக்குக் கிடையாது என்பதால் தெருவே அவனை மைலேஜ் என்று கூப்பிட்டது. அவள் ஒரு வண்டியை முடித்து ஸ்டார்ட் செய்தால் எதிர்க் கடை ஐந்து நிமிடம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அவள் புகையக்கா.

காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே ஆரம்பித்துவிடுவார்கள்.

"அண்ணி, உங்க இன்ஜின் பெட்ரோல குடிக்கல, கொட்டுது. அதுல ஆயில் வேற கலந்து ஊத்தணும். வண்டியா அது, கைக்குழந்தையா?"

"உன் இன்ஜின் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் வேலை செய்யுது. மீதி நேரம் மூச்சு வாங்குது. என்னுது ஒவ்வொரு சுத்துக்கும் உழைக்குது. வீட்டுல நானும் உங்க அண்ணனும் மாதிரி."

"எங்கண்ணன எதுக்கு இழுக்கறீங்க?"

அண்ணன் லாரியோடு வாரத்தில் ஐந்து நாள் வெளியூரில் இருந்ததால் தப்பித்தான். உண்மையைச் சொன்னால் இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. நாலு ஸ்ட்ரோக் சிக்கனம், சத்தம் கம்மி, இறக்கத்தில் வண்டியை இழுத்துப் பிடிக்கும். ரெண்டு ஸ்ட்ரோக்கில் பாகங்கள் குறைவு, வால்வு என்ற தொல்லையே இல்லை, மேட்டில் சும்மா பிய்த்துக்கொண்டு போகும். இதை இருவருமே அறிவார்கள். ஒத்துக்கொள்ளத்தான் வாய் வராது.

ஐஸ் ஃபேக்டரி முதலாளி வந்து சேர்ந்ததில்தான் விஷயம் முற்றியது. அவரிடம் பக்கவாட்டில் மூன்றாவது சக்கரத்தோடு சுமைப்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள்கள் ஆறு இருந்தன. எல்லாவற்றுக்கும் இன்ஜின் மாற்ற வேண்டும், எதைப் போடலாம் என்று கேட்டார். மைலேஜ் ஒரு காதில் கத்தினான், புகையக்கா மறு காதில் கத்தினாள். பட்டறைக்குச் சொந்தக்காரரான மாமனார் டீ கிளாஸை மேஜையில் நங்கென்று வைத்தார்.

"போதும்! ஆளுக்கு ஒரு வண்டியில உங்க இன்ஜின மாட்டி, சனிக்கிழமை காலையில எடுங்க. ஃபேக்டரியில ஐஸ் ஏத்தி, மார்க்கெட்ல இறக்கிட்டு, யார் முதல்ல திரும்பி வர்றீங்களோ அவங்களுக்கு முன்மேடை. ஏம்மா, நீ தோத்தா இந்தப் பட்டறையில ரெண்டு ஸ்ட்ரோக் கிடையாது. ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டர்ல உக்காந்து பில் போடு."

"அவன் தோத்தா?"

"பின்மேடைக்குப் போவான்."

இதில் என்ன நியாயம் என்று நீங்கள் கேட்கலாம். மாமனாரிடம் அப்படிக் கேட்ட யாரும் இதுவரை பதில் வாங்கியதில்லை.

அவள் கவுண்டரை எட்டிப் பார்த்தாள். அந்தக் கவுண்டரில் ஒரு ஸ்டூல், ஒரு ஃபேன், சுற்றிலும் நட்டு போல்ட் டப்பாக்கள். பதினோரு வருஷம் இன்ஜினைப் பிரித்துப் பிரித்துக் கோத்த கை. இனி நாள் முழுக்க அங்கே உட்கார்ந்து, அடுத்தவன் கை அழுக்காவதை வேடிக்கை பார்க்க வேண்டுமா? கணவன் போனில், "தோத்தாலும் பரவாயில்ல, அப்பாகிட்ட நான் பேசறேன்" என்றான். "நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க, போதும்" என்று வைத்துவிட்டாள்.

பயம் வந்தால் கை சும்மா இருக்காது. சனிக்கிழமை விடிந்ததும் அவள் தன் வண்டியின் டைமிங்கில் கை வைத்தாள். ஸ்பார்க் கொஞ்சம் சீக்கிரம் அடித்தால் இழுவை கூடும். கொஞ்சம் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னும் ஒரு துளி, இன்னும் ஒரு துளி என்று தள்ளிக்கொண்டே போனாள். ஸ்டார்ட் செய்யக் காலை வைத்ததும் கிக்கர் திருப்பி எகிறி முழங்காலுக்குக் கீழே விட்டது பாருங்கள் ஓர் உதை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போதாவது புரிந்திருக்க வேண்டாமா? "நல்லா வேகமாத்தான் இருக்கே" என்று காலைத் தேய்த்துக்கொண்டு கிளம்பினாள்.

ஆளுக்கு நான்கு ஐஸ் பாளம், மேலே நனைந்த சாக்கு. மாமனார் கர்ச்சீப்பை ஆட்டினார்.

பாலத்து மேட்டில் புகையக்கா மைலேஜைப் புகையிலேயே விட்டுவிட்டுப் போனாள். மேட்டு உச்சியில் அவளுக்கும் அவனுக்கும் ஒரு பஸ் நீளத்துக்கு மேல் இடைவெளி. "மூச்சு வாங்குடா தம்பி!" என்று கத்தினாள். ஆனால் மேடு ஏறினால் இறங்கியாக வேண்டுமே. இறக்கத்தில் ரெண்டு ஸ்ட்ரோக் வண்டியைப் பிடித்து நிறுத்தாது, சுமை முன்னால் தள்ளியது, பிரேக் தீய்ந்த வாசனை வந்தது. அவள் பயந்து பயந்து இறங்கும்போது மைலேஜ் இன்ஜினையே பிரேக் மாதிரி இழுத்துப் பிடிக்க விட்டு, ஒரு கையால் அவளுக்கு டாட்டா காட்டியபடி தாண்டிப் போனான். படுபாவி!

மார்க்கெட் ஐஸ் அறைக்கு இரண்டு பக்கம் கதவு. கதவுக்கு ஒரு சந்து. இரண்டுமே வண்டி அகலம்தான் இருக்கும், முடிவில் சுவர். உள்ளே போகலாம், திரும்ப முடியாது. பின்னால் போக இந்த வண்டிகளுக்குக் கியரும் கிடையாது. ஐஸை இறக்கிவிட்டு, மூன்று சக்கர வண்டியை நாற்பதடி தூரம் மேட்டுவாக்கில் பின்னால் தள்ளிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். மைலேஜ் வலப்பக்கச் சந்து, அவள் இடப்பக்கம்.

அவள் உள்ளே போய் மூன்று பாளம் இறக்கியபோது அடுத்த சந்தில் அவன் இறக்கி முடித்து, "ஐலசா" என்று தள்ளத் தொடங்கிய குரல் சுவருக்கு மேலே கேட்டது. கூடத் தள்ள ஆள் வைக்கக் கூடாது என்பது மாமனார் போட்ட சட்டம். அவனுக்கோ தோள் இரண்டும் கதவு மாதிரி. அவளுக்கு உதை வாங்கிய கால். கடைசிப் பாளத்தை இறக்கும்போதே, போச்சு, எல்லாம் போச்சு என்று மனசு அடித்துக்கொண்டது.

போதாக்குறைக்குப் பின்சக்கரம் சாக்கடைப் பலகையின் இடுக்கில் மாட்டியிருந்தது. ஒரு முழம் முன்னால் நகர்த்தினால்தான் விடுபடும். அவள் சீட்டில் ஏறினாள். அணைக்காமல் விட்டிருந்த இன்ஜின் களைத்துப்போய் டுக்... டுக்... என்று அடங்கிக்கொண்டே வந்தது. அணையப் போகிறது என்று நினைத்தபோது 'டக்' என்று ஒரு குலுக்கல். அணையவில்லை, மறுபடி பிடித்துக்கொண்டது. நல்லவேளை என்று முதல் கியரைப் போட்டு கிளட்சை விட்டாள்.

வண்டி பின்னால் போனது.

"அய்யோ!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஐஸ் அறைக்காரர் கையிலிருந்த கொக்கியைக் கீழே போட்டார். கியரைக் குனிந்து பார்த்தாள். முதல் கியர்தான். ஆக்ஸிலேட்டரை மெல்லத் திருகினாள். சக்கரம் இடுக்கிலிருந்து பின்பக்கமாகவே எகிறி வெளியே வந்தது.

மண்டையில் உறைத்தது. ஸ்பார்க் ரொம்பச் சீக்கிரம் அடித்ததால், பிஸ்டன் மேலே போய்ச் சேருவதற்குள் அதைக் கீழே உதைத்துத் தள்ளியிருக்கிறது. காலையில் கிக்கர் அவள் காலை உதைத்த அதே உதை. இன்ஜின் தலைகீழாகச் சுற்றுகிறது! வால்வு இருந்தால் இது நடக்காது, அது ஒரே திசைக்குத்தான் முறையாகத் திறந்து மூடும். வால்வு இல்லாத இன்ஜினுக்கு எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒன்றுதான். தப்பு அவளுடையது, மன்னித்தது இன்ஜின்.

அணைந்தால் போச்சு. இன்னொரு தடவை இப்படி நடக்குமென்று யார் கண்டது? ஆக்ஸிலேட்டரை அதே இடத்தில் பிடித்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பி, "வழி விடுங்க, வழி விடுங்க!" என்று கத்தியபடி சந்தில் பின்னோக்கி ஏறினாள். சுமை தூக்குகிறவர்கள் சுவரோடு ஒட்டி நின்று, "அக்கா, முன்னாடி பாருங்கக்கா!" என்றார்கள். "பின்னாடிதான்டா இப்ப முன்னாடி!" என்றாள். சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது, அழுகையும் கூடவே.

சந்து வாசலில் இன்ஜினை அணைத்து, வலிக்கிற காலாலேயே ஓங்கி உதைத்தாள். இந்தத் தடவை ஒழுங்காகப் பிடித்தது. வலப்பக்கச் சந்தை ஒரு பார்வை பார்த்தாள். மைலேஜ் பாதி தூரத்தில், முதுகு வளைந்து, வியர்வையில் குளித்து நின்றிருந்தான். அவள் புகையைப் பார்த்ததும் அவன் வாய் பிளந்தது.

ஃபேக்டரி வாசலுக்குள் அவள் நுழைந்து, இறங்கி, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்த பிறகுதான் அவன் வந்து சேர்ந்தான்.

"சந்துல எப்படிம்மா அவனுக்கு முன்னாடி வந்தே?" என்றார் மாமனார்.

பீற்றிக்கொள்ள நல்ல சந்தர்ப்பம். ஆனால் இன்ஜின் விஷயத்தில் அவளுக்குப் பொய் வராது. "டைமிங்க தப்பா வெச்சுட்டேன் மாமா. இன்ஜின் உள்ளுக்குள்ள திரும்பிச் சுத்திடுச்சு. முதல் கியர்ல பின்னாடியே ஓட்டிட்டு வந்தேன்."

மைலேஜ் துள்ளினான். "கேட்டீங்களாப்பா! அவங்களே தப்புன்னு ஒத்துக்கிட்டாங்க. இது செல்லாது!"

மாமனார் மகனை மேலும் கீழும் பார்த்தார்.

"சரிடா. அதே தப்ப உன் இன்ஜின்ல பண்ணிப் பின்னாடி ஓட்டிட்டு வா. நான் பந்தயத்த முதல்லேருந்து வெக்கறேன்."

அவன் தன் இன்ஜினைத் திரும்பிப் பார்த்தான். "என்னுதுல வால்வு இருக்குப்பா."

"இருந்தா?"

"திரும்பிச் சுத்தாது."

"அப்ப வாய மூடு."

ஐஸ் முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஆறு வண்டிக்கும் அந்தம்மா இன்ஜின்தான். தினமும் அந்தச் சந்துல தள்ளித் தள்ளி என் ஆளுங்களுக்கு இடுப்பே போயிடுச்சு."

"பதினஞ்சு நாள் டைம் கொடுங்க சார்" என்றாள் புகையக்கா. "தப்பா நடந்தத, ஒரு சுவிட்ச் போட்டா சரியா நடக்கற மாதிரி பண்ணித் தர்றேன்."

திங்கட்கிழமை அவள் தன் டூல்பாக்ஸைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு முன்மேடைக்கு வந்தாள். வெளிச்சம் நேராக மேடைமேல் விழுந்தது. பதினோரு வருஷம் இதை இவன் ஒருவனே அனுபவித்திருக்கிறான், திருடன்! ஐஸ் ஃபேக்டரியின் முதல் வண்டியை ஏற்றி ஸ்டார்ட் செய்தாள். புகை கிளம்பி, எதிர்க் கடையை மறைத்து, பின்மேடையில் மைலேஜை இரும வைத்தது.

மாமனார் கவுண்டர் பக்கம் கையைக் காட்டினார். "எல்லாம் சரிம்மா. அங்க யாராவது ஒருத்தர் உக்காந்துதானே ஆகணும்?"

"ஸ்டூல் நல்லாத்தான் இருக்கு மாமா. ஃபேன் கூட இருக்கு. நீங்க உக்காருங்க."

பட்டறையே கையை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தது. அவர் மருமகளைப் பார்த்தார், ஓடிக்கொண்டிருந்த இன்ஜினைப் பார்த்தார். பிறகு போய் உட்கார்ந்து, ஃபேன் சுவிட்சைப் போட்டார்.