ஒரு கல்லூரிக்கு மூன்று பேர்

பொய்ப்பல் செட் செய்கிறவர்கள் அதைப் போட்டுக்கொள்ளப் போகிறவரின் வாயைப் பெரும்பாலும் பார்த்ததே இல்லை. பல் மருத்துவர் ஈறில் மாவு போன்ற ஒன்றை அழுத்தி அச்சு எடுத்து அனுப்புவார். அந்த அச்சில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி இறுகவிட்டால் வெள்ளை வெளேரென்று ஒரு ஈறு கிடைக்கும். அதன்மேல் மெழுகு வைத்துப் பற்களை ஒவ்வொன்றாக நடவேண்டும். கடித்துப் பார்ப்பதற்கென்றே கீல் போட்ட சின்ன இரும்புத் தாடை ஒன்றும் உண்டு. அச்சு சரியாக இருந்தால் பல் கச்சிதமாக உட்காரும். அச்சு கோணலாக இருந்தால் பல் அந்தக் கோணலுக்குக் கச்சிதமாக உட்காரும், வாயில்தான் உட்காராது. வாத்தின் அம்மாவுக்கு இதுதான் வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் அவள் நகக்கண்ணில் மெழுகு இருக்கும்.

வாத்து என்பது மகள். சின்ன வயதில் குளிக்க இறங்கினால் தண்ணீரை விட்டு வெளியே வரமாட்டாள். சோப்பு டப்பாவை மிதக்கவிட்டு, அதில் ஸ்பூன்களை ஒவ்வொன்றாக அடுக்கி, எந்த ஸ்பூனில் கவிழ்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். வளர்ந்து பள்ளியை முடிக்கப் போகும்போதும் பெயர் மாறவில்லை, ஆசையும் மாறவில்லை. கப்பல் வடிவமைக்கப் படிக்க வேண்டும்.

அந்தப் படிப்பு உருப்படியாக இருந்தது துறைமுகத்துப் பக்கமிருந்த ஒரே கல்லூரியில்தான். அங்கே ஒரு தெரு நீளத்துக்குத் தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. தொட்டியின் இரு கரையிலும் தண்டவாளம், அதன்மேல் ஒரு வண்டி, வண்டிக்குக் கீழே ஆள் உயர மாதிரிக் கப்பல். வண்டி கப்பலை இழுத்துக்கொண்டு ஓடும்போது, தண்ணீர் எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்று ஒரு கருவி அளந்து சொல்லும். நிஜக் கப்பலுக்கு ஒரு தகடுகூட வெட்டுவதற்கு முன்னால், அது எவ்வளவு எண்ணெய் குடிக்கும் என்று தெரிந்துவிடும். பொதுமக்களைப் பார்க்கவிட்ட ஒரு நாளில் வாத்து அதைப் பார்த்தாள். அன்றைக்குக் கட்டிக்கொண்டு போன சாப்பாடு பிரிக்காமலே வீடு திரும்பியது.

அவள் படித்தது, கணக்கிலும் அறிவியலிலும் கெட்டிக்காரப் பிள்ளைகளாகத் தேர்வு வைத்துப் பொறுக்கி எடுக்கும் பள்ளி. அதன் கூடத்துச் சுவரில் வரிசையாகப் பலகைகள், ஆண்டுக்கு ஒன்று. பலகையில் கல்லூரிகளின் பெயர்கள், ஒவ்வொன்றின் கீழும் அங்கே சேர்ந்த மாணவர்களின் பெயர் பொறித்த பித்தளைத் தகடுகள். பள்ளியைப் பார்க்க வரும் பெற்றோர் முதலில் நிற்பது அங்கேதான். துறைமுகக் கல்லூரியின் கீழ் எந்த ஆண்டிலும் மூன்று தகடு இருக்கும். மற்றவற்றில் ஒன்று இருக்கும், இரண்டு இருக்கும், சிலவற்றில் மூன்று. நான்கு எங்கேயும் இல்லை.

சாதாரணப் பிள்ளைகள் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். இவர்கள் கவனித்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வகுப்பு உட்கார்ந்து கணக்குப் போட்டு, ஒரு பள்ளியிலிருந்து மூன்று பேருக்கு மேல் எந்தக் கல்லூரியும் எடுப்பதில்லை என்று முடிவுகட்டியது. அப்படியென்றால் ஒரே கல்லூரிக்கு எட்டுப் பேர் முட்டிமோதுவது முட்டாள்தனம். விண்ணப்பிப்பதற்கு முன் தங்களுக்குள்ளேயே பிரித்துக்கொள்வது என்று வைத்துக்கொண்டார்கள். அதற்குப் 'பங்கு' என்று பெயர். ஒவ்வொரு வகுப்பும் அடுத்த வகுப்புக்கு அதைச் சொல்லிவிட்டுப் போனது.

வாத்தின் வகுப்பில் பங்குக்கு அவளே ஒரு கணினி நிரல் எழுதினாள். எல்லோரும் தங்கள் விருப்பங்களை வரிசையாகக் கொடுப்பார்கள். எல்லோரும் முதலில் அவரவர் முதல் விருப்பத்தில் போய் நிற்பார்கள். ஓர் இடத்தில் மூன்றுக்கு மேல் சேர்ந்தால், மதிப்பெண் குறைந்தவர் அடுத்த விருப்பத்துக்கு நகர்வார். அங்கே அவர் வேறு ஒருவரை நகர்த்தலாம், அந்த ஒருவர் இன்னொருவரை. யாரும் நகரத் தேவையில்லாதபோது நிரல் நின்றுவிடும். நின்ற பிறகு, 'எனக்கு அநியாயம் நடந்துவிட்டது' என்று ஒருவராலும் சொல்ல முடியாது. அழகான வேலை, ஒரு பிழை கிடையாது.

பங்கு போட்ட அன்று சாயங்காலம் அடுப்படியில் அம்மா கேட்டாள்.

"கப்பல் காலேஜுக்கு நீ எத்தனாவது?"

"நாலாவது."

"நாலாவதா நீயும் சும்மா போட்டு வெச்சா என்ன? வேணாம்னா காலேஜ்காரங்களே சொல்லட்டும்."

"நான் போட்டா, மூணு பேர்ல யாராவது வெளிய போவாங்கம்மா. ஸ்பீக்கர் மூணாவது. அவ இடத்தை நான் புடுங்கணுமா?"

ஸ்பீக்கர் அவளுடைய உயிர்த்தோழி. மெதுவாகப் பேசவே வராததால் வந்த பெயர். பங்கு முடிந்த உடனேயே, "ஏய் வாத்து, நீ போ. எனக்குக் கப்பல் இல்லேன்னா ரயிலு" என்று அவள் சொன்னது அடுத்த வகுப்பு வரைக்கும் கேட்டிருந்தது. நிரல் எழுதினவளே அதை மதிக்காவிட்டால் வேறு யார் மதிப்பார்கள் என்று வாத்து மறுத்துவிட்டாள்.

"காலேஜுக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை கேக்கலாம்ல?" என்றாள் அம்மா.

"இத்தனை வருசப் பலகை இருக்கு. கண்ணுக்குத் தெரியறதை எதுக்குக் கேக்கணும்? நான் உன் மக. அதனால உனக்கு நாலு மூணாத் தெரியுது."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு விட்டாள். கடலே இல்லாத ஊரில் இருந்த ஓர் எந்திரவியல் கல்லூரி வாத்துக்கு விழுந்தது. விண்ணப்பித்தாள், கிடைத்தது.

பள்ளியில் கடைசி நாளன்று பிள்ளைகள் தங்கள் தகட்டைத் தாங்களே திருகி மாட்டுவார்கள். அம்மா அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டாள். கூடத்தில் நூலகர் மட்டும் புதுப் பலகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா, வாத்தோட அம்மாதானே? மட்டம் சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

"இடது பக்கம் ஒரு மயிரிழை கீழ இருக்கு சார்."

அவர் மட்டக்கோலை வைத்துப் பார்த்தார். "அட, ஆமா. உங்க கண்ணுக்கு நான் சம்பளம் குடுக்கணும்."

அந்தக் கண்தான் அடுத்ததையும் பார்த்தது. ஒவ்வொரு கல்லூரியின் கீழும் தகட்டுக்கென்று குழி செதுக்கியிருந்தது. மூன்று குழிகள். அதற்குக் கீழே அடுத்த கல்லூரி.

"நாலு பேர் போனா நாலாவது தகட்டை எங்க மாட்டுவீங்க?"

"அதுக்கு எங்கம்மா இடம்? இருக்கற சுவர் இவ்வளவுதான். மொத மூணை மாட்டுவோம், மிச்சம் டிராயர்ல. பேர் வெட்டினதைத் தூக்கிப் போட மனசு வருமா?" மேசை டிராயரை இழுத்துக் காட்டினார். கல்லூரி வாரியாக ரப்பர் பேண்டு போட்ட தகட்டுக் கட்டுகள். எல்லாவற்றிலும் கனமானது துறைமுகக் கல்லூரியின் கட்டு. "இந்தக் காலேஜுக்கு முன்னெல்லாம் ஏழு, எட்டுன்னு கும்பலாப் போவாங்க. இப்ப சில வருசமா மிஞ்சறதே இல்ல. மூணு மூணா அழகா வருது. எனக்கும் வேலை மிச்சம்."

அம்மா கட்டைக் கையில் வாங்கினாள்.

நடந்தது இவ்வளவுதான். பலகையில் மூன்று குழி இருந்ததால் மூன்று தகடு. மூன்று தகடு இருந்ததால் மூன்று பேருக்குத்தான் இடம் என்று பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த பிறகு மூன்று பேர்தான் விண்ணப்பித்தார்கள், அதனால் நிஜமாகவே மூன்று பேர்தான் போனார்கள். அதன்பின் யார் எந்தப் பக்கமிருந்து சரிபார்த்தாலும் விடை சரியாகவே வந்தது.

தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் நின்று அம்மா துறைமுகக் கல்லூரிக்குப் போன் போட்டு, பள்ளியின் பெயரைச் சொல்லிக் கேட்டாள். எடுத்த பெண் தன்மையாகப் பேசினாள்.

"ஒரு ஸ்கூலுக்கு இவ்வளவுன்னு கணக்கெல்லாம் கிடையாதுங்க. தகுதி இருந்தா எடுத்துக்குவோம். உங்க ஸ்கூல்லேர்ந்து இப்பல்லாம் மூணு பேருக்கு மேல போடறதே இல்லையே. நாங்களே பேசிக்குவோம், இவங்களுக்குக் கப்பல் புடிக்கலை போலன்னு."

"இப்போ ஒரு பொண்ணு போட்டா?"

"சேர்க்கை முடிஞ்சிருச்சும்மா."

"அடுத்த வருசம்?"

"ஸ்கூல் முடிக்கிற வருசமே சேரணும். விதி அப்படி. பெரியவங்ககிட்ட வேணும்னா கேக்கறேன், இருங்க."

போனில் யாரோ எங்கோ நடக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவள், "மன்னிச்சிருங்கம்மா" என்றாள். இதற்கு மேல் யாரிடம் பேசுவது என்று அவளுக்கும் தெரியவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை.

கூடத்துக்குத் திரும்பியபோது வாத்தும் ஸ்பீக்கரும் வந்திருந்தார்கள். நூலகர் அந்தக் கட்டைப் பிரித்து மேசையில் பரப்பி, தன் பொக்கிஷத்தை அவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். வாத்து ஒவ்வொரு தகடாகத் திருப்பி, பின்னால் வெட்டியிருந்த ஆண்டைப் பார்த்து, ஒரே ஆண்டுக்காரர்களை ஒன்றாக அடுக்கினாள். இரண்டாவது அடுக்கு பாதி ஏறும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் கடைசித் தகடு வரை அடுக்கி முடித்தாள்.

ஸ்பீக்கர் ஏதோ சொன்னாள். பக்கத்தில் நின்றிருந்தவர்களுக்கே அது கேட்கவில்லை.

வாத்து நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கையில் இன்னும் போன் இருந்தது.

"கேட்டியா?"

"கேட்டேன்."

என்ன சொன்னார்கள் என்று அவள் கேட்கவில்லை.

"புரோகிராம்ல தப்பு இல்லம்மா."

"இல்லை."

"நானே நாலு தடவை சரிபாத்தேன்."

"தெரியும்."

வேலைக்கூடத்தில் அச்சு சரியில்லை என்று தோன்றினால், அம்மா மருத்துவருக்குத் திருப்பி அனுப்பி வேறு அச்சு கேட்பாள். இன்னொரு தடவை வாயைத் திறக்கச் சொல்ல ஆள் இருப்பார். இங்கே எதை, யாருக்குத் திருப்பி அனுப்புவது? மகளின் தலையைத் தடவக் கை போனது. கூடத்தில் மற்ற பிள்ளைகள் வர ஆரம்பித்திருந்ததால் பாதியில் நின்றது.

"அடுத்து யாரு? வாத்து, வாம்மா" என்று நூலகர் கூப்பிட்டார். அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

அந்த எந்திரவியல் கல்லூரியின் கீழ் ஏற்கெனவே இரண்டு தகடு ஏறியிருந்தது. வாத்து தன் தகட்டைக் குழியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். அம்மா திருகாணிகளை உள்ளங்கையில் ஏந்தி, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். மகள் நிதானமாகத் திருகினாள். இரண்டு பக்கமும் ஒரே இறுக்கம் வரும்வரை திருகினாள்.

"மட்டம் எப்படிம்மா?" என்று நூலகர் கேட்டார்.

அம்மா ஓரடி பின்னால் தள்ளி நின்று பார்த்தாள். அந்த இடத்துக்கென்றே வெட்டியதுபோல் தகடு கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"சரியா இருக்கு சார்" என்றாள்.