இடுப்பில் நிற்கிற ஜீன்ஸ்

சுற்றுலாவுக்கு எல்லோரும் ஒரே மாதிரி ஜீன்ஸ் போட வேண்டும் என்று கிறிஸ்டினா சொன்னபோது பாக்யலட்சுமி தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தாள். சந்தோஷம் முகத்தில் தெரிந்துவிடுமோ என்று பயம்.

ஆம்பூரில் வெளிநாட்டுக்கு ஷூ செய்து அனுப்பும் தொழிற்சாலை அது. ஷூவின் மேல்பகுதியைத் தைக்கிற பெண்கள் வருடத்துக்கு ஒருமுறை சேர்ந்து ஏலகிரி போவார்கள். அதற்குச் 'செட் டிரஸ்' உண்டு. ஒரு வருடம் ஒரே நிறத்தில் புடவை, இன்னொரு வருடம் ஒரே பூப்போட்ட சுடிதார். இந்த முறை லைன் சூப்பர்வைசர் கிறிஸ்டினா கேன்டீனில் கைப்பேசியை உயர்த்திக் காட்டினாள். இடுப்பெலும்புக்குக் கீழே நிற்கிற, கால் முழுக்க அகலமாகத் தொங்குகிற வெளிர்நீல ஜீன்ஸ்.

"இதான் இப்ப ஓடுது. எல்லாரும் இடுப்பளவு மட்டும் சொல்லுங்க. ஒரேடியா ஆர்டர் போட்டுர்றேன்."

"நம்ம இடுப்புக்கு ஆர்டர் போட்டா லாரிலதான் வந்து எறங்கும்" என்றாள் ஹுமேரா. பாக்யலட்சுமிக்குப் பக்கத்து மெஷின்காரி. கேன்டீனே சிரித்தது.

பாக்யலட்சுமி நாற்பதைத் தாண்டியவள். ஜீன்ஸ் போட்டதே இல்லை. ஆசை மட்டும் வெகுகாலமாக இருந்தது. அந்த ஆசைக்குக் காரணம் சினிமா இல்லை, தையல். தோலைத் தைத்துப் பழகியவர்களுக்கு ஜீன்ஸைப் பார்த்தால் உறவுக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும். அதே தடித்த நூல், அதே இரட்டைத் தையல். பாக்கெட்டுக்குள் கையை விட்டு எடுக்க எடுக்க, கிழிசல் அதன் மூலையில்தான் தொடங்கும். அதனால் அந்த மூலையில் ஒரு செப்புக் குமிழை அடித்து வைத்திருப்பார்கள். எங்கே கிழியும் என்று முன்கூட்டியே யோசித்து ஒருவர் செய்த துணி. பேருந்தில் முன்னால் நிற்கிறவர்களின் ஜீன்ஸ் தையலையே பார்த்துக்கொண்டு அவள் தன் நிறுத்தத்தைத் தவறவிட்டது உண்டு.

ஒருமுறை கணவன் ஜெயப்பிரகாஷிடம் கேட்டும் பார்த்தாள். அவன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். "இந்த வயசுல இன்னாத்துக்கு? அக்கா பாத்தா இன்னா சொல்லும்?" என்றான். அக்கா என்றால் எதிர்வீட்டில் இருக்கும் பூவம்மாள், அவளுடைய நாத்தனார். தெருவில் யார் என்ன உடுத்துகிறார்கள் என்பதெல்லாம் பூவம்மாளின் வாய் வழியாகத்தான் மறுதெருவுக்குப் போகும்.

இப்போது செட் டிரஸ் வந்து கதவைத் திறந்துவிட்டது. அன்று இரவு சாப்பாடு போடும்போது சொன்னாள். "டூருக்கு எல்லாரும் ஜீன்ஸ் போடணுமாம். நான் மட்டும் இன்னா பண்றது?"

ஜெயப்பிரகாஷ் கொஞ்சம் யோசித்தான். "கம்பெனி சொன்னா போட்டுத்தானே ஆவணும்" என்றான்.

கம்பெனி சொல்லவில்லை, கிறிஸ்டினாதான் சொன்னாள். பாக்யலட்சுமி அவனைத் திருத்தவில்லை. ரசம் ஊற்றினாள்.

ஜீன்ஸ்கள் வந்து சேர்ந்தன. மதிய இடைவேளையில் பெண்கள் ஓய்வறையில் ஒவ்வொருத்தியாகப் போட்டுப் பார்த்தார்கள். கிறிஸ்டினாவுக்கு அது பிரமாதமாக இருந்தது. உயரமானவள், இடுப்பும் தொடையும் ஏறக்குறைய ஒரே கோடு. பாக்யலட்சுமி கட்டை. இடை சிறியது, அதற்குக் கீழே உடம்பு அகலமானது.

ஜீன்ஸ் வாங்கும்போது இடுப்பளவையும் நீளத்தையும் கேட்கிறோம். கேட்காமல் விடுகிற அளவு ஒன்று உண்டு. இரண்டு காலும் சேர்கிற தையலிலிருந்து மேல் பட்டை வரைக்குமான தூரம். கடைக்காரர்கள் ரைஸ் என்பார்கள். பேன்ட் உடம்பில் எந்த இடத்தில் நிற்கும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. ரைஸ் அதிகமென்றால் பட்டை இடையின் ஒடுங்கிய இடத்துக்கு வந்துவிடும். கீழே உடம்பு அகலமாவதால் அங்கிருந்து இறங்க வழியில்லை, தானாக நிற்கும். ரைஸ் குறைவென்றால் பட்டை அந்த இடத்தை எட்டாது, பிடிமானம் இல்லாமல் இடுப்புச் சரிவிலேயே நிற்க வேண்டும். கிறிஸ்டினாவைப் போல நேர்க்கோட்டு உடம்புக்குச் சரிவே கிடையாது, கவலை இல்லை. பாக்யலட்சுமிக்கு அது மலைச்சரிவில் கல்லை வைத்த கதை. நடக்க நடக்க இறங்கியது. உட்கார்ந்தபோது இன்னும் மோசம். உட்காரும்போது உடம்பின் பின்பக்கம் நீள்கிறது, அதற்குத் துணி வேண்டும். துணி இல்லாததால் பட்டை பின்னால் பிளந்துகொண்டு நின்றது.

"பின்னாடி ஜன்னலு தொறந்து வெச்ச மாதிரி இருக்கு" என்றாள் ஹுமேரா. "காத்து நல்லா வரும் போ."

"புடிச்சித் தெச்சா?"

ஹுமேரா வீட்டிலும் தையல் எடுத்துச் செய்கிறவள். பட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். "இடுப்புல புடிக்கலாம். ஜாஸ்தி புடிச்சா பின் பாக்கெட் ரெண்டும் கிட்ட வந்து ஒண்ணுக்கொண்ணு சலாம் போட்டுக்கும். நீளத்தை வெட்டலாம், ஆனா முட்டிக்கு வர வேண்டிய இடம் உனக்கு ஏற்கெனவே கெண்டைக்கால்ல இருக்கு. ரைஸை மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது. இருக்குற துணிய கம்மி பண்ணலாம். இல்லாத துணிய எங்கேர்ந்து கொண்டாறது?"

கிறிஸ்டினா வந்து பார்த்தாள். "சூப்பரா இருக்குக்கா. லூஸா தொங்குறதுதான் ஸ்டைலே."

"தொங்குனா பரவால்லம்மா. வுழுதே."

"பின்னு குத்திக்கோங்க. ஒரு நாளுதானே? போட்டோல எல்லாரும் ஒண்ணாத் தெரியணும்."

"ஒரே மாடல் ஷூதானே நாம தைக்கிறோம். ஒவ்வொரு நாட்டுக்கும் லாஸ்ட்டை ஏன் மாத்துறோம்?"

லாஸ்ட் என்பது பாத வடிவில் செய்த பிளாஸ்டிக் அச்சு. தைத்த தோலை அதன்மேல் இழுத்துப் பொருத்தினால்தான் ஷூவுக்கு வடிவம் வரும். ஒரு நாட்டில் பாதம் முன்பக்கம் அகலம், இன்னொரு நாட்டில் புறங்கால் மேடு உயரம். டிசைன் ஒன்றுதான், அச்சு மாறும். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்த சங்கதி.

கிறிஸ்டினா சிரித்தாள். "நீங்க எந்த நாட்டு லாஸ்ட்டுக்கா?"

"ஆலங்காயம்" என்றாள் பாக்யலட்சுமி.

அவள் பிறந்த ஊர் அது. எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். ஆனால் மெஷினுக்குத் திரும்பிய பிறகு அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. இந்த ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு போகலாம். வீட்டில் ஒரு கேள்வி வராது. நாள் முழுக்க இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு மலையில் திரியலாம். மறுநாள் எல்லோரும், 'பாத்தியா, உனக்கு ஜீன்ஸ் நல்லாயில்ல' என்பார்கள். அவளே அதை நம்பிவிடுவாள். அதன் பிறகு ஜீன்ஸ் கிடையாது. அப்படி இல்லாமல், தன் உடம்புக்கு ஏற்ற ஒன்றை வாங்கலாம். அப்போது 'எல்லாரும் போடுறாங்க' என்று சொல்ல முடியாது. ஆசைப்பட்டுப் போடுகிறாள் என்பது தெருவுக்கே தெரியும்.

ஊசி நூலை இழுத்துக்கொண்டு ஓடியது. தையலின் கடைசியில் நூலை அறுத்துவிட்டு அவள் ஹுமேராவிடம் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை வேலூருக்கு வர்றியா?"

வேலூர் லாங் பஜாரில் தள்ளுவண்டிகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் நடுவே ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடிந்தது. நிசார் அஹமதுவின் ஜீன்ஸ் கடை மாடியில் இருந்தது. அவர் வாசலில் தொங்கிய அகலக்கால் ஜீன்ஸ்களில் நாலைந்தை உருவிப் போட்டார்.

"பாருங்க மேடம். ஃபாஸ்ட் மூவிங்."

"மூவிங் வேணாம் பாய். இடுப்புல நிக்கணும்" என்றாள் பாக்யலட்சுமி.

"இப்ப எல்லாரும் இதான் கேக்குறாங்க."

"கேக்குறவங்களுக்குக் குடுங்க. எனக்கு ரைஸ் உசரமா, காலு நேரா, கருநீலத்துல வேணும்."

"அது பழைய மாடல் மேடம். அடியில இருக்கு."

"என் உடம்பு மட்டும் இந்த வருஷத்து மாடலா? எடுங்க பாய்."

ஹுமேரா முக்காட்டுக்குள் சிரித்தாள். நிசார் அஹமது கடைசி அடுக்கிலிருந்து ஜீன்ஸ் கட்டு ஒன்றை இறக்கித் தூசியைத் தட்டினார்.

முதல் ஜீன்ஸ் ரப்பர் மாதிரி இழுபட்டது. போட்டவுடன் உடம்பைப் பிடித்துக்கொண்டு அழகாகத்தான் இருந்தது. இந்த மாதிரித் துணியில் இழுவை நூல் கலந்திருக்கும். கொஞ்சம் கலந்தால் குனியவும் நிமிரவும் வசதி. அதிகமானால் இழுபட்ட இடம் திரும்பி வராது, மதியத்துக்குள் முட்டியில் பை தொங்கும். அவள் அதைப் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள், எழுந்தாள், முட்டிப் பக்கம் தடவிப் பார்த்தாள், கழற்றினாள். அடுத்ததில் உட்கார்ந்ததும் பட்டை வயிற்றில் பதிந்தது. நின்றுகொண்டே கண்ணாடி பார்க்கிறவர்கள் இதில்தான் ஏமாறுவார்கள். கடையில் நிற்கிறோம், ஆனால் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வாழ்க்கையில் பாதி நேரம் உட்கார்ந்திருக்கிறோம்.

"உள்ள இன்னாடி பண்ற, டிரில்லா?" என்று வெளியிலிருந்து ஹுமேரா கேட்டாள்.

"ஆமா. லெஃப்ட் ரைட்டு."

அடுத்ததை எடுத்தபோது முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். பட்டைக்கும் பாக்கெட்டுக்கும் நடுவே ஒரு துண்டுத் துணி வைத்துத் தைத்திருப்பார்கள், பறவை சிறகு விரித்த மாதிரி. அந்தச் சிறகு எவ்வளவு ஆழமாக இறங்குகிறதோ அவ்வளவு வளைவு பேன்ட்டுக்குக் கிடைக்கும். ஷூவின் குதிகாலில் தோலை வெட்டிச் சேர்த்து வளைவு கொண்டுவருவதும் இதே வித்தைதான். தட்டையான ஒன்றை உருண்டையாக்க வேண்டுமானால் வெட்டித்தான் சேர்க்க வேண்டும். இதில் சிறகு ஆழமாக இருந்தது.

போட்டாள். பட்டன் சரியாக இடையில் வந்து நின்றது. பட்டைக்குள் இரண்டு விரல் போனது. உட்கார்ந்தாள், பட்டை கூடவே வந்தது. குந்தினாள். பேருந்துப் படி ஏறுவது போல ஒரு காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தாள். நீளம் மட்டும் அதிகம். முட்டிக்குக் கீழே கால் ஒரே அகலமாக இருப்பதால் எவ்வளவு வெட்டினாலும் வடிவம் கெடாது. கண்ணாடியில் ஒல்லியாகவோ உயரமாகவோ யாரும் தெரியவில்லை. ஜீன்ஸ் போட்ட பாக்யலட்சுமி தெரிந்தாள்.

கதவைத் திறந்தாள். ஹுமேரா சுற்றி வந்து பார்த்தாள். "ஜன்னலு சாத்திட்டாங்க" என்றாள்.

வீட்டில் ஜெயப்பிரகாஷ் கொடியில் காய்ந்த ஜீன்ஸைப் பார்த்துவிட்டான்.

"செட்டு வெளிர் கலருன்னு சொன்னியே?"

"அது பீரோல இருக்கு. எனக்குச் சரியில்ல. இது நானா வாங்கினது."

"அப்ப கம்பெனில போடச் சொன்னது?"

"கம்பெனில யாரும் சொல்லல. கிறிஸ்டினா சொல்லிச்சி. எனக்கும் ஆசை."

"அதையே பின்னு குத்திக்கினு போயிட்டு வந்தா பேஜாரில்ல இல்ல?"

"உங்களுக்குப் பேஜாரில்ல. இழுத்து விட்டுக்கினு நடக்கப் போறது நான்."

அவன் டிவியின் சத்தத்தைக் கூட்டினான்.

சுற்றுலா அன்று காலையில் அவள் கருநீல ஜீன்ஸும் இடுப்பு வரைக்குமான மஞ்சள் மேல்சட்டையும் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். ஜெயப்பிரகாஷ் அவளைத் தொழிற்சாலை வாசலில் விட பைக்கைக் கிளப்பி வைத்திருந்தான். பூவம்மாள் எதிரே குழாயடியில் குடத்தோடு நின்றாள். கண் முதலில் ஜீன்ஸுக்குப் போனது, பிறகு தம்பிக்குப் போனது.

"இன்னாடா இது?"

"டூருக்குக்கா" என்று ஜெயப்பிரகாஷ் முந்திக்கொண்டான். "கம்பெனி டிரஸ். எல்லாருக்கும் கட்டாயம். போடலன்னா வுட மாட்டாங்களாம்."

பூவம்மாளின் முக இறுக்கம் தளர்ந்தது. "அப்டியா. கம்பெனிக்காரன் சொன்னா இன்னா பண்றது, பாவம்" என்றாள்.

பைக்கில் ஏறிப் போய்விட்டால் போதும். ஒரு பிரச்சினையும் இல்லை.

"இல்லண்ணி" என்றாள் பாக்யலட்சுமி. "கம்பெனி டிரஸ் இல்ல. லாங் பஜார்ல நானே போட்டுப் பாத்து வாங்கினது. இனிமே வேலைக்கும் இதான் போட்டுக்கினு போவேன்."

குழாயில் குடம் நிரம்பி வழிந்தது. பூவம்மாள் குழாயை மூடவில்லை.

ஜெயப்பிரகாஷின் காது சிவந்தது. "வாய வெச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியா? அப்ப நீயே போய்க்கோ" என்று சொல்லிவிட்டுப் பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

தொழிற்சாலைக்கு நடந்தே போக வேண்டியதாயிற்று. தெரு முழுக்க விழித்திருந்தது. கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். டீக்கடையில் ஒருத்தன் இன்னொருத்தனை முழங்கையால் இடித்தான். பாக்யலட்சுமியின் கை ஒருமுறை கூட இடுப்புக்குப் போகவில்லை, போக வேண்டிய வேலை அங்கே இல்லை. ஓரமாகப் போகாமல் தெருவின் நடுவில் நடந்தாள்.

பேருந்து கிளம்பத் தயாராக இருந்தது. படியருகே வெளிர்நீலக் கால்கள் வரிசையாக நின்றன. கிறிஸ்டினா தலையில் கை வைத்தாள்.

"அய்யோ அக்கா! செட்டே உடஞ்சிடுச்சி. சரி, போட்டோ எடுக்குறப்ப பின் வரிசைல நின்னுக்கோங்க, காலு தெரியாம."

"பின்னாடியா?" பாக்யலட்சுமி முழங்காலை மடக்கிப் படியில் ஏறினாள். "தெரியுறதுக்குத்தாம்மா வாங்கினேன். முன் வரிசைல, நடுவுல நிப்பேன். வேணாம்னா நீ எடுக்காத, ஹுமேரா எடுப்பா."

உள்ளே போய் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள்.