அலமாரிக்குப் பின்னால்

மூன்றாவது கண்ணாடி உடைந்திருந்தது. விரிசலுக்குக் குறுக்கே விரல் அகலக் கண்ணாடித் துண்டை வைத்து இரண்டு முனைகளையும் சாந்தால் ஒட்டிவிடுவது எங்கள் வழக்கம். சுவர் சும்மா இருந்தால் அதுவும் சும்மா இருக்கும். சுவர் மயிரிழை அசைந்தாலும் பட்டென்று விட்டுவிடும். போன புதன்கிழமை மூன்று துண்டுகளை ஒட்டி, பக்கத்திலேயே பென்சிலால் தேதி போட்டிருந்தேன். மேலே இருந்த இரண்டும் பத்திரமாக இருந்தன. புத்தக அலமாரிக்குச் சற்று மேலே இருந்தது நடுவில் பிளந்திருந்தது.

நூலகத்தின் வாசிப்புக் கூடம் அது. நூற்றைம்பது வருடத்துச் செங்கல்லும் சுண்ணாம்பும். திங்கட்கிழமை காலை மறுபடி திறக்கப் போகிறார்கள். விரிசல் விட்ட சுவரை ஒட்டித்தான் குழந்தைகள் பகுதி. குட்டி நாற்காலிகள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் வரிசையாக நின்றன. கட்டடத்தில் ஆள் நடமாடலாம் என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் கதவு திறக்கும்.

"சுத்தியல் அதிர்வுதான் மேடம்," என்றார் நிர்வாக அதிகாரி. எதையும் நின்று பார்க்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. நடந்துகொண்டே முடிவெடுத்துவிடுவார். "அந்த ஜன்னல்ல மேஸ்திரி ரெண்டு நாளா டொக்கு டொக்குனு தட்டிட்டு இருக்காரே, அதுல விட்டிருக்கு. அறிக்கைல அப்படியே ஒரு வரி எழுதிடுங்க. இவரை அனுப்பிட்டு வேற ஆளை வெச்சு விரிசலைப் பூசிடலாம்."

அப்படி ஒரு வரி எழுதினால் பழைய கட்டட வேலைக்காரர்கள் பட்டியலிலிருந்து மேஸ்திரியின் பெயர் போய்விடும். அப்புறம் எந்தப் பழைய கட்டடத்திலும் அவரைச் சேர்க்க மாட்டார்கள். பதினொரு வருடமாக என்னோடு வேலை செய்கிறவர். கோபம் வந்தால் வாய் பேசாது, கை சாந்துக் கரண்டியைத் துடைக்கும். இப்போது இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை.

"நான் தட்டுனது மரச் சுத்தியல்ங்க. அதால ஒரு முட்டையைக்கூட உடைக்க முடியாது," என்றார்.

நான் அலமாரிக்கு ஓரமாக விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்தேன். 'பொண்ணு பாக்க வர்ற மாப்பிள்ளையையும் இப்படித்தான் தட்டிப் பாப்பியா?' என்று என் அக்கா கேலி செய்வாள். தோள் உயரத்தில் கெட்டியான சத்தம். இடுப்புக்குக் கீழே வந்ததும் சத்தம் உள்ளே காலியாக இருப்பதுபோல் மாறியது. உள்ளங்கையை வைத்தேன், சில்லென்று இருந்தது.

எனக்குப் புதிதாக எதுவும் தெரியவரவில்லை. புதன்கிழமையே தெரியும். அன்றைக்கே அலமாரியை நகர்த்திப் பார்த்திருக்க வேண்டும். கண்ணாடி ஒட்டிக் கவனிப்போம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். பயந்துதான் போனேன்.

பதினாறு வருடங்களுக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த புதிதில், இந்தச் சுவரின் அடியில் ஈரம் ஏறுகிறது என்று இடுப்பு உயரத்துக்குச் சிமெண்ட் பூசச் சொன்னவள் நான்தான். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். உள்ளே ஏறிய ஈரம் அது வழியாக வெளியே போய்விடும். சிமெண்ட் அந்த மூச்சை அடைத்துவிட்டது. போக வழியில்லாத ஈரம் உள்ளேயே நின்று சாந்தை அரித்து மண்ணாக்கியிருக்கிறது. அன்றைக்கு எனக்கு அது தெரியாது. ஆனால் இன்னொன்று நன்றாகத் தெரிந்திருந்தது. புதிதாகச் செய்த வேலையின் மூலையில், ஈரம் காய்வதற்குள் வருடத்தையும் பெயரின் முதலெழுத்துகளையும் கீறி வைக்க வேண்டும். எது பழையது, எது நம் கை வைத்தது என்று பின்னால் வருகிறவர்கள் குழம்பக் கூடாது. ஆணியால் அழகாகக் கீறியிருந்தேன். அதன் முன்னால்தான் அலமாரியைக் கொண்டுவந்து போட்டார்கள்.

மேஸ்திரியும் குனிந்து தட்டிப் பார்த்தார். "அடியில சிமெண்ட் பூசியிருக்காங்க மேடம். எவனோ கூறு கெட்டவன் பண்ணின வேலை. அலமாரியை நகத்தினா யாருன்னே தெரிஞ்சிடும், எழுதி வெச்சிருப்பாங்க."

"புத்தகமெல்லாம் அடுக்கியாச்சுய்யா," என்று அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "மேடம், ஒரே ஒரு வரி."

பேனாவை வாங்கிக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வரி முழுசாக மனதில் தயாராக இருந்தது. 'பணியின்போது ஏற்பட்ட அதிர்வினால்.' காகிதத்தில் பேனாவை வைக்கும்போது அந்தக் குட்டி நாற்காலிகள் கண்ணில் பட்டன. சுவரை ஒட்டியிருந்த நாற்காலியின் உறைமேல் செம்மண் நிறத்தில் தூசி படிந்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். சுவரின் உள்ளே இருக்க வேண்டிய, செங்கல்தூள் கலந்த சாந்து.

பேனாவை மூடாமலே அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு அலமாரியின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். மறுபக்கத்தை மேஸ்திரி பிடித்தார். தரையைக் கீறிக்கொண்டு அது ஒரு முழம் நகர்ந்தது. பின்னால் சுவர் முழுக்க உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடந்தது. மேஸ்திரி உட்கார்ந்து, கரண்டி துடைக்கும் துணியால் மூலையைத் துடைத்தார். முதலில் வருடம் தெரிந்தது. அப்புறம் ஓர் எழுத்து. இரண்டாவது எழுத்து தெரிந்ததும் அவர் கை நின்றுவிட்டது.

"யாருய்யா அது? படி," என்றார் அதிகாரி.

மேஸ்திரி படிக்கவில்லை. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வருடத்திலிருந்து தொடங்கி, என் இரண்டு எழுத்துகளையும் சத்தமாகப் படித்தேன்.

மேஸ்திரி எழுந்து ஜன்னலருகே போனார். காலையிலிருந்து சாந்தே தொடாத கரண்டியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.